ஒன்பது வருஷம் அணையாத பெட்டி

என் நண்பனின் வலது மணிக்கட்டை உடைத்தது நான். ஏணியிலிருந்து விழுந்துவிட்டதாக அவன் ஆஸ்பத்திரியில் சொன்னான். அங்கே அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். எங்கள் தெருவுக்கு மட்டும் யார் உடைத்தது என்று தெரியும். ஏன் உடைத்தேன் என்று தெருவுக்கு நான் சொன்ன காரணம் பொய். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நாங்கள் இருவரும் திருமுல்லைவாயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் அப்பாவும் என் அப்பாவும் இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர்கள். வயல் மனையானதும் பாடியில் ஃபேக்டரி வேலைக்குப் போனார்கள். நாங்கள் பத்தொன்பது வயதில் கேபிள் டி.வி. ஒயர் இழுத்தோம். டி.வி. மறைந்து இன்டர்நெட் வந்தபோது அதே கம்பங்களில், அதே மொட்டை மாடிகளில் நெட் கொடுக்க ஆரம்பித்தோம். கடையில் உட்கார்ந்து ரவுட்டரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஏறுவது, இழுப்பது, இணைப்பது எல்லாம் அவன்.

இந்தத் தொழிலில் அடிதடி சாதாரணம். மண்ணூர்பேட்டைப் பக்கம் இன்னொரு ஆபரேட்டர் இருந்தார். எங்கள் ஒயரை அவர் ஆட்கள் வெட்டுவார்கள், அவர் ஒயரை நாங்கள் வெட்டுவோம். ஒருநாள் பட்டப்பகலில் அவர் ஆட்கள் ஐந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தன் செங்கல்லால் என் இடது காதில் அடித்தான். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். என் நண்பன் அலுமினிய ஏணியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு உள்ளே புகுந்து, சட்டையைப் பிடித்து என்னை வெளியே இழுத்தான். இழுக்கும்போது அவன் முதுகில் கத்தி கிழித்தது. ஏழு தையல். எனக்கு அந்தக் காது இன்றுவரை கேட்காது. அதற்குப் பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒரு ரோட்டை எல்லையாக வைத்தார்கள். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நாங்கள்.

நானும் வாய்க்கு முன்னால் கை பேசுகிற ஆள்தான். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. அப்பா என்னை பெல்ட்டால் அடித்து வளர்த்தார். நான் கோபம் வந்தால் கதவை உதைப்பேன், போனை எறிவேன், எதிரில் இருக்கிறவன் கழுத்தைப் பிடிப்பேன். அவன் மேல் மட்டும் அதுவரை கை வைத்ததில்லை.

எங்கள் நெட் முழுக்க ஒரு பெட்டியை நம்பி ஓடியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் மூடிய ஒரு கம்பெனியின் சாமான்களைக் காயலான் கடையில் கொட்டியபோது நாங்கள் எடுத்து வந்த ரவுட்டர். எங்கள் தெருக்களில் இருந்த பதினாலு அடுக்குமாடிக் கட்டடங்களின் ஒயரும் அதில்தான் வந்து சேரும். ஒன்பது வருஷம் நாங்களாக அதை ஒருமுறைகூட அணைத்ததில்லை. விசிறி நின்றால் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அறை அறைவேன், சுற்றும். ஒருமுறை பல்லி உள்ளே போய் பவர் சப்ளையில் ஒட்டிக்கொண்டு கருகிவிட்டது. அவன் அதைப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் சுரண்டி எடுத்து, போர்டில் ஈயம் வைத்து, அரை மணி நேரத்தில் திரும்ப ஓட வைத்தான். பெட்டி செய்த கம்பெனியே அந்த மாடலைக் கைகழுவிவிட்டது. அதற்கு முன்பு வந்த கடைசி சில அப்டேட்களையும் நான் போடவில்லை.

போடாததற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆரம்பத்தில் ஒரு கட்டடத்தில் வீடு வீடாக நெட்டைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்விட்ச் பெட்டிக்கு அப்டேட் போட்டேன். பாதியில் நின்று செத்துப்போய்விட்டது. இரண்டு நாள் அந்தக் கட்டடத்து ஆட்கள் கடைக்கு வந்து கத்தினார்கள். அன்றோடு, ஓடுகிற எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

"மச்சான், இத்த மாத்திடலாம்டா. வயசாயிடுச்சி இதுக்கு" என்று அவன் வருஷத்துக்கு இரண்டு முறையாவது சொல்வான்.

"ஓடிகினு கீறத எதுக்குடா நோண்டற?" என்பேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு பெண், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து தங்கி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவள், ஒருநாள் கடைக்கே வந்தாள். "அண்ணே, உங்க ரவுட்டர் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. வெளியே இருந்து பாத்தாலே அதோட லாகின் பக்கம் தெரியுது. யாரு வேணாலும் உள்ள வரலாம்ணே" என்றாள்.

"திருமுல்லைவாயில்ல வந்து இன்னாம்மா திருடப் போறான்?" என்று சிரித்து அனுப்பிவிட்டேன்.

அது போன கோடைக்கு முந்தைய கோடை. ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் அடிக்க ஆரம்பித்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சூதாட்டம் வருகிறது, அசிங்கமான படம் வருகிறது என்றார்கள். என் போனிலும் திறந்து பார்த்தேன். உண்மைதான். அதற்குள் ஒரு அப்பா கடைக்கு வந்துவிட்டார். ஃபேக்டரி யூனிஃபார்மோடு, கையில் போனோடு. அவர் மகள் ஆறாம் வகுப்பு. பாடம் பார்க்கத் திறந்திருக்கிறாள்.

போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "உன் பொண்ணா இருந்தா காட்டுவியாடா இத்த?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அறைந்தார். கேட்கிற காதின் மேல் விழுந்தது. ஒரு நொடி உலகமே ஊமையாகிவிட்டது. நான் அவர் சட்டையைப் பிடிக்கப் போனேன். என் நண்பன்தான் பின்னாலிருந்து என் இரண்டு கையையும் கட்டிப்பிடித்தான். "உட்ரா மச்சான். பொண்ணப் பெத்தவரு. உட்ரா" என்று காதுக்குள் சொன்னான்.

ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தேன். எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று பெட்டி போய் வழி கேட்கிற முகவரி ஒன்று உண்டு. அதை யாரோ மாற்றியிருந்தார்கள். திருத்தினேன். மறுநாள் காலை மறுபடியும் மாறியிருந்தது. திருத்தி, பாஸ்வேர்டையும் புதிதாக மாற்றினேன். எனக்கு ஏதாவது ஆனால் ஒருத்தனுக்காவது தெரியட்டும் என்று அவனிடம் மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் காலையிலும் அதே படங்கள். கடைக்கு முன்னால் முப்பது பேர் நின்றார்கள். எவனோ கல் எறிந்து கண்ணாடி நொறுங்கியது. ஒரு சில்லு என் புருவத்தைக் கிழித்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் யோசித்தேன். பாஸ்வேர்டு தெரிந்தது இரண்டு பேருக்கு. அந்த முகவரியை மாற்றியது நான் இல்லை.

கூட்டம் கலைந்ததும் பக்கத்து ஸ்டாண்டு ஆட்டோக்காரர் வந்தார். "தப்பா நெனச்சிக்காத நைனா. உன் ஆளு போன வாரம் பாடில பிரிட்ஜுக்குக் கீழ நின்னுகினு இருந்தாப்ல. அந்த மண்ணூர்பேட்ட ஆபரேட்டரோட. அவரு ஒரு பையக் குடுத்தாரு, இவுரு வாங்கிகினாரு. கண்ணால பாத்தேன்" என்றார்.

அவன் அப்போது மூன்று தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் வேலையாக இருந்தான். நான் பைக்கை எடுக்கவில்லை. நடந்தே போனேன். வழியில் வேலை நடக்கிற ஒரு வீட்டு வாசலில் இரும்புக் குழாய்த் துண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

மாடியில் வெயில் கொதித்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குந்தி உட்கார்ந்து, வாயில் ஒயரைக் கடித்துக்கொண்டு, அவன் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான்.

"பாடில இன்னாடா வேல உனக்கு?"

ஒயரை வாயிலிருந்து எடுத்தான். "யார்ரா சொன்னா?"

அந்தக் கேள்வியே எனக்குப் போதுமாக இருந்தது. நெஞ்சில் உதைத்தேன். தொட்டியில் தலை மோதி உட்கார்ந்தான். அடிபட்ட வலியைவிட ஆச்சரியம்தான் அவன் முகத்தில் அதிகமாக இருந்தது.

"மச்சான், பவர் சப்ளைடா. அவுருகிட்ட நம்ம மாடல் ஒண்ணு கீது, ஓரமா தூக்கிப் போட்டுட்டாரு. நம்முளுது எப்ப வேணாலும் புட்டுக்கும். உன்கிட்ட கேட்டா போகாதன்னுவ. அதான் சொல்லல."

"பாஸ்வேர்ட வித்துட்டு பவர் சப்ளை வாங்கினியா?"

"தாயாண நான் இல்லடா."

குழாயை ஓங்கினேன். தலையைக் காப்பாற்ற வலது கையைத் தூக்கினான். எலும்பு உடைகிற சத்தம் காய்ந்த குச்சி முறிகிற மாதிரி இருக்கும் என்பார்கள். அப்படி இல்லை. ஈரத் துணியைத் தரையில் அடித்த மாதிரி இருந்தது. அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான். அது மணிக்கட்டில் வேறு பக்கம் திரும்பியிருந்தது. நான் மறுபடியும் அடித்தேன். தோளில், தொடையில். வாயில் குத்தினேன், பல் என் விரலைக் கிழித்தது. பிறகு சட்டையைப் பிடித்து இழுத்துப் போய், கைப்பிடிச் சுவருக்கு மேலே அவன் நெஞ்சை வைத்து அழுத்தினேன். அவன் தலை வெளியே தொங்கியது. நாலு மாடி கீழே தெரு.

"இவன்தான்!" என்று கத்தினேன். "உங்க ஊட்டுப் புள்ளைங்களுக்கு அசிங்கத்தக் காட்டனது இவன்தான்! காசு வாங்கிகினு பாஸ்வேர்ட வித்த துரோகி இவன்!"

தெரு முழுக்க நிமிர்ந்து பார்த்தது. மூன்று நாளாக யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருந்தவர்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. படிக்கட்டில் தடதடவென்று ஏறி வந்தார்கள். முதலில் வந்தவர் திங்கட்கிழமை என்னை அறைந்த அந்த அப்பா. நான் நகர்ந்து வழிவிட்டேன். அவரும் இன்னும் இரண்டு பேரும் அவனை மிதித்தார்கள். அவன் உடைந்த கையை வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டுகொண்டான். நான் குழாயைப் பிடித்தபடி நின்று பார்த்தேன். அதைத் தடுத்திருக்கலாம். என் உடம்பில் ஒரு பாகம்கூட அதற்காக அசையவில்லை.

தடுத்தது அந்தக் கோவில்பட்டிப் பெண். அவள் வீடு அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடி. சத்தம் கேட்டு ஓடி வந்தவள், ஆண்களுக்கு நடுவில் புகுந்து அவன் மேல் குனிந்து நின்றுகொண்டாள். ஒரு உதை அவள் முழங்காலில் விழுந்தது. "செத்துருவாருய்யா! விடுங்கய்யா!" என்று அலறினாள். அவர்கள் நின்றார்கள். அவளும் வாட்ச்மேனும் அவனைத் தாங்கி இறக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "மூணு மணிக்குக் கடைக்கு வாரேன். ரவுட்டர நான் பாக்கணும்" என்றாள்.

சொன்ன நேரத்துக்கு வந்தாள். உடையில் அவன் ரத்தம் காய்ந்திருந்தது. லேப்டாப்பை ரவுட்டரோடு இணைத்தாள். பெட்டியில் யார் எப்போது நுழைந்தார்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. ஒன்பது வருஷத்தில் நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. எங்கெங்கோ இருந்து வந்த முகவரிகள். எங்கள் தெருவிலிருந்து வந்தது நான் நுழைந்தது மட்டும்தான்.

"இந்த சாஃப்ட்வேர்ல ஒரு ஓட்டை இருக்குண்ணே. பல வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச ஓட்டை. கடைசியா வந்த அப்டேட்ல அத அடைச்சிட்டாங்க. நீங்க போடல. அந்த வழியா வந்தா பெட்டி பாஸ்வேர்டு கேக்காது, தானே எடுத்துக் குடுத்துரும். நேத்து நீங்க புதுசா மாத்துனதையும் அப்படித்தான் எடுத்திருக்கு."

"யாரும்மா?"

"யாருன்னு ஆள் கிடையாதுண்ணே. எங்கயோ ஒரு புரோக்ராம் ஓடிக்கிட்டிருக்கும். பழைய பெட்டி எங்க இருக்குன்னு அதுவே தேடிப் போவும். உங்கள யாருன்னே அதுக்குத் தெரியாது."

எதிரி இல்லை. மண்ணூர்பேட்டைக்காரர் இல்லை. என் நண்பன் இல்லை. போய்க் கழுத்தைப் பிடிக்க ஒருத்தரும் இல்லை.

வெளியிலிருந்து லாகின் பக்கம் தெரியாதபடி அவள் அடைத்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "இது தற்காலிகம்தான். சீக்கிரம் புதுசு வாங்கிருங்க" என்று எழுந்தாள். வாசல் வரை போய் நின்று, "அவர் கை ரெண்டு எடத்துல போயிருக்கு" என்றாள்.

அவள் போனதும் சுத்தியலை எடுத்தேன். அந்தப் பெட்டியைத் தூள் தூளாக்கத்தான் ஓங்கினேன். ஓங்கிய சுத்தியலை மேஜை மேல்தான் இறக்கினேன். பலகை பிளந்தது. பெட்டியை உடைத்தால் பதினாலு கட்டடமும் நின்றுவிடும். புதிய ரவுட்டர் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. பன்னிரண்டு நாளும் அதைக் காவல் காத்தேன். ஆறாவது நாள் பவர் சப்ளை கருகி வாடை வந்தது. கடையில் மேஜைக்கு அடியில், பாடியில் வாங்கி வந்து அவன் வைத்துவிட்டுப் போன பை அப்படியே இருந்தது. பிரித்தேன். துடைத்துச் சுத்தமாக, பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பவர் சப்ளை. மாட்டினேன். சரியாகப் பொருந்தி ஓடியது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இன்னாத்துக்கு வந்த? மிச்சம் கீற கையையும் ஒடைக்கவா?"

"நான் தெரியாம..." என்று ஆரம்பித்தேன். கொதிக்கிற குழம்புக் கரண்டியால் என் தோளில் அடித்தாள். சட்டையோடு தோல் ஒட்டிக்கொண்டது. இன்னொரு முறை அடித்தாள். "இருவது வருசமா உன் பின்னாலயே சுத்திகினு இருந்தாருடா மனுசன். ஊட்ட உட உன் கடையிலதான இருந்தாரு. கத்திக் குத்து வாங்கனாரே உனக்கோசரம், மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். உள்ளே அவன் இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் தம்பிகள் இருவர் கடைக்கு வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அடித்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விலாவில் இரண்டு எலும்பு விரிசல் விட்டது. அடி விழ விழ, இதோடு சரியாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சரியாகவில்லை. படுத்தால் விலா வலித்தது, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து அவனே வந்தான். காலை நேரம். கட்டுப் பிரித்திருந்தார்கள். மணிக்கட்டு கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்து கூடியிருந்தது. விரல்கள் முழுசாக மடங்கவில்லை. முன்பல் ஒன்று இல்லை. தன் டூல்ஸ் பையை எடுக்க வந்திருந்தான். அதை எடுத்து அவன் எதிரில் வைத்தேன். புதிய ரவுட்டரை ஒரு பார்வை பார்த்தான்.

"மாத்திட்ட."

"மாத்திட்டேன்."

"அப்டேட் போட்றியா?"

"வந்த அன்னிக்கே போட்டுட்றேன்."

தலையை ஆட்டினான். நான் அவன் காலைப் பிடிக்கக் குனிந்தேன். பின்னால் நகர்ந்துகொண்டான்.

"அதெல்லாம் வேணாம். அந்தப் பொண்ணு வந்து சொல்லிச்சி, எல்லாம் தெரியும். கை போனது கூட பரவால்ல. நேத்து என் புள்ள வந்து கேக்கறான், நைனா, நீ அசிங்கப் படம் உட்டியான்னு. ஸ்கூல்ல பசங்க சொல்றாங்களாம். மாடில நின்னு ஊருக்கே கத்தன இல்ல? அதே மாதிரி போயி சொல்லு, நான் இல்லன்னு. பதினாலு பில்டிங்லயும் சொல்லு. வாட்சப்ல போடாத. ஆளாண்ட நின்னு சொல்லு."

பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மூன்று நாள் பிடித்தது. கதவு கதவாகத் தட்டினேன். "அன்னிக்கு நடந்ததுக்கு அவன் காரணம் இல்லீங்க. என் ரவுட்டர் பழசு. அப்டேட் போடாம வெச்சிருந்தது நான். அவன நான் அநியாயமா அடிச்சேன்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். பாதிப் பேருக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்றே ஞாபகம் இல்லை. சிலர் கதவைத் திறந்தபடியே போனைப் பார்த்துக்கொண்டு சரி சரி என்றார்கள். ஒரு அம்மா மட்டும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "உங்கள எப்படிப்பா நம்பி ஊட்டுக்குள்ள உடறது?" என்றார்.

அந்த அப்பாவின் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். ஷிஃப்ட் முடிந்து வந்து லுங்கியோடு இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மெதுவாக வெளுத்தது.

"நான் அவன் மூஞ்சிலயே மிதிச்சேனே" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "நீ சொன்னதாலதானய்யா மிதிச்சேன்! நீதானய்யா கைகாட்டன!" என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் சாய்த்தார். உள்ளேயிருந்து அந்தச் சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். அவர் கையை எடுத்துவிட்டார். நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம்.

"அவரு ஊடு எங்க கீது?" என்று கேட்டார். சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை.

கீழே இறங்கி வந்து அவனுக்கு போன் செய்தேன். எடுக்கமாட்டான் என்று நினைத்தேன், எடுத்தான்.

"சொல்லிட்டேன்டா. எல்லா ஊட்லயும்."

"பதினாலுமா?"

"பதினாலும்."

"சரி" என்றான். வைத்துவிட்டான்.

இப்போது அவன் ஆவடியில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல் எழுதிக்கொடுக்கிற வேலையில் இருக்கிறான். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டான் என்று கேள்வி. என் கடைக்கு வேறு லைன்மேன் வந்திருக்கிறார். அன்று போனை வைத்த பிறகு அந்தக் கட்டடத்தின் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மேலே பால்கனியிலிருந்து யாரோ என்னைப் பார்த்துவிட்டு, இரண்டாவது மாடியில் காலையிலிருந்து நெட் வரவில்லை என்று கத்தினார்கள். ஏறிப் போய்ப் பார்த்தேன்.